வாட்ச் காட்டும் 300 கலோரி

டோம்பிவிலியிலிருந்து மும்பை சி.எஸ்.எம்.டி. ரயில் நிலையத்துக்கு ஏறத்தாழ 48 கிலோமீட்டர். ஃபாஸ்ட் லோக்கலே கிடைத்தாலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். காலை எட்டு மணி வண்டியில் உட்கார இடம் கிடைக்கும் என்று அங்கே யாரும் எதிர்பார்ப்பதில்லை. ஒரு கை மேலே பிடியில். இன்னொரு கை மார்போடு அணைத்த பையில். பைக்குள் மதியச் சாப்பாட்டு டப்பா. நாலு பக்கமும் மனிதர்கள். இறங்கும்போது சட்டை முதுகோடு ஒட்டியிருக்கும், கால் கெஞ்சும். இவ்வளவு பாடுபட்ட உடம்புக்கு ஸ்டேஷன் வாசலில் ஒரு வடா பாவாவது வாங்கிக் கொடுக்கலாமே என்று தோன்றுவது இயல்புதான்.

உடம்பு வைத்திருக்கும் செலவுக் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. உட்கார்ந்திருப்பவரைவிட நின்றுகொண்டிருப்பவர் நிமிடத்துக்கு 0.15 கலோரிதான் கூடுதலாகச் செலவழிக்கிறார். பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து 2018இல் வெளியான சராசரி இது. 70 நிமிடப் பயணத்துக்குப் பத்து கலோரிச் சொச்சம். கூட்டத்தில் தள்ளாடி நிற்பதற்காக அதை இரண்டு மடங்காக்கினாலும் ஒரு டீஸ்பூன் சர்க்கரையோடு கணக்கு முடிந்துவிடும். வடா பாவ் ஒன்றுக்கு, அளவையும் எண்ணெயையும் பொறுத்து, சுமார் 300 கலோரி.

களைப்பும் கலோரியும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்குவதில்லை. வெக்கை, இரைச்சல், நெரிசல், தூக்கக் குறைவு, ஆபீஸுக்கு நேரமாகிவிட்டதே என்ற பதற்றம் எல்லாம் களைப்பில் சேரும். கலோரிக் கணக்கில் இவற்றுக்குப் பெரிய பங்கு கிடையாது. அதே பயணத்தில், வீட்டிலிருந்து ஸ்டேஷன் வரை ஷேர் ரிக்‌ஷாவில் ஏறாமல் நடந்திருந்தால், 70 கிலோ எடையுள்ள ஒருவர் கிலோமீட்டருக்குச் சுமார் 35 கலோரி கூடுதலாகச் செலவழித்திருப்பார். சிரமம் என்று தோன்றாத அந்தப் பதினைந்து நிமிட நடை, ஒரு மணி நேரத்துக்கு மேல் லோக்கலில் நின்றதைப்போல மூன்று மடங்கு வேலை செய்திருக்கிறது.

டயட்டில் இருப்பவர்கள் கேட்கும் ஒரு கேள்விக்கு இங்கிருந்துதான் பதில் தேட வேண்டும். உடற்பயிற்சியில் எரித்த கலோரியைத் திரும்பச் சாப்பிடலாமா?

மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வீட்டு விலை எட்டாமல் போனதால் டோம்பிவிலிக்கு நகர்ந்த தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். அந்தத் தலைமுறையில் பலர் இப்போது ஐம்பதைக் கடந்தவர்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், ‘எடையைக் குறையுங்கள்’ என்ற மருத்துவரின் எச்சரிக்கை எல்லாம் பழகிப்போனவர்கள். கர்டா சர்க்கிள் பக்கமுள்ள சாவளாராம் மகாராஜ் விளையாட்டு வளாகத்தைப் போன்ற இடங்களில் விடிகாலையில் நடக்கிறார்கள். பிள்ளைகள் வாங்கிக் கொடுத்த ஸ்மார்ட் வாட்ச் மணிக்கட்டில் இருக்கிறது. சுற்று முடிந்ததும் அதில் ஓர் எண் மின்னுகிறது.

“அண்ணாச்சி, இன்னைக்கு 300 எரிச்சாச்சு. ஒரு கட்டிங் சாயும் வடா பாவும் போட்டாலும் கணக்கு நேராயிடும்.”

இந்த ஒரு பேச்சில் மூன்று தவறுகள் ஒளிந்திருக்கின்றன.

முதல் தவறு, 300 என்ற எண்ணை அப்படியே நம்புவது. 70 கிலோ எடையுள்ளவர் மணிக்கு ஐந்தரை கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மணி நேரம் நடந்தால் மொத்தச் செலவு சுமார் 300 கலோரி வரும், சரிதான். ஆனால் அதே ஒரு மணி நேரம் அவர் வீட்டில் படுத்துக் கிடந்திருந்தாலும் மூச்சு விடவும் இதயம் துடிக்கவும் உடல் சூட்டைக் காக்கவும் 70 கலோரி செலவாகியிருக்கும். நடையால் கூடுதலாகச் செலவானது 230தான். சில வாட்ச்கள் ‘ஆக்டிவ்’ கலோரி, ‘டோட்டல்’ கலோரி என்று இரண்டையும் தனித்தனியே காட்டும். பார்க்க வேண்டியது முதல் எண். பெரிதாகத் தெரிவதும் மனதுக்குப் பிடிப்பதும் இரண்டாவது எண்.

அந்தச் சிறிய எண்ணும் துல்லியமானது என்று சொல்ல முடியாது. 2017இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மணிக்கட்டில் கட்டும் ஏழு வகைக் கருவிகளை 60 பேரிடம் சோதித்தார்கள். நடக்க வைத்தார்கள், ஓட வைத்தார்கள், சைக்கிள் மிதிக்க வைத்தார்கள். இதயத் துடிப்பை ஏழில் ஆறு கருவிகள் 5 சதவீதப் பிழைக்குள் சொல்லிவிட்டன. கலோரி விஷயத்தில், இருப்பதிலேயே நல்ல கருவி சராசரியாக 27 சதவீதம் தவறியது. மிக மோசமானது 93 சதவீதம். அதற்குப் பிறகு கருவிகள் மாறியிருக்கின்றன. ஆனால் இதயத் துடிப்பு, வயது, எடை, கையசைவு ஆகியவற்றிலிருந்து கலோரியை ஊகிக்கிறார்கள் என்ற அடிப்படை மாறவில்லை. ஜிம்மில் உள்ள டிரெட்மில்லுக்கு நம் எடையைக்கூடச் சொல்லாமல் ஓடினால், அது யாரோ ஒருவரின் எடைக்குக் கணக்குப் போட்டுக் காட்டும்.

கருவி இல்லாமல் மனத்தால் மதிப்பிடுவது இன்னும் மோசம். கனடாவின் ஒட்டாவா பல்கலைக்கழகத்தில் நடந்து 2010இல் வெளியான ஒரு சிறிய ஆய்வு இதைப் பளிச்சென்று காட்டியது. சாதாரண எடையுள்ள ஆண்களையும் பெண்களையும் டிரெட்மில்லில் 200 அல்லது 300 கலோரி எரியும்வரை நடக்கவைத்து, எவ்வளவு எரித்ததாக நினைக்கிறீர்கள் என்று கேட்டார்கள். உண்மையைப்போல மூன்று நான்கு மடங்கு சொன்னார்கள். எரித்த அளவுக்குச் சாப்பிடுங்கள் என்று உணவு மேஜைக்கு அனுப்பியபோது, எரித்ததைப்போல இரண்டு மூன்று மடங்கு சாப்பிட்டார்கள். ஏமாற்ற வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை. வியர்வையை அளவுகோலாக வைத்துக்கொண்டால் யாருக்கும் இப்படித்தான் ஆகும்.

இரண்டாவது தவறு சற்று நுட்பமானது. எரித்த 230 கலோரியும் அந்த நாளின் செலவில் அப்படியே கூடிவிடும் என்று நினைப்பது. காலையில் வேகமாக நடந்தவர் மதியம் சோபாவில் சற்று அதிகம் சாய்கிறார். மாடிப்படி ஏற வேண்டிய இடத்தில் லிஃப்ட்டைத் தேடுகிறார். அவருக்கே தெரியாமல் உடலும் உள்ளே சில செலவுகளைச் சுருக்கிக்கொள்கிறது. 2021இல் ‘கரண்ட் பயாலஜி’ இதழில் வின்சென்ட் கரோ தலைமையிலான குழு, 1,754 பேரின் அன்றாடச் சக்திச் செலவை ஆராய்ந்து ஒரு கணக்கைச் சொன்னது. உழைப்பால் எரியும் கூடுதல் கலோரியில் சராசரியாக 28 சதவீதத்தை உடல் வேறு வழியில் மிச்சம் பிடித்துவிடுகிறது. உடலில் கொழுப்பு அதிகம் உள்ளவர்களிடம் இந்த மிச்சம் இன்னும் அதிகம். எடையைக் குறைக்க மிகவும் பாடுபடுகிறவர்களுக்கே இது பாதகமாக அமைவது வருத்தமான உண்மை.

இந்தச் சராசரியை நம் நடைக்குப் பொருத்தினால் 230 என்பது 165 அளவில் நிற்கும். ஒரு கட்டிங் சாயும் ஒரு வடா பாவும் சேர்ந்து 350 ஆகிறது. நடையால் செலவானதைவிட அதிகம் சாப்பிட்டாயிற்று.

இதே குறைவு பெரிய அளவிலும் தெரிந்திருக்கிறது. அமெரிக்காவின் கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜோசப் டானலி குழுவினர் அதிக எடையுள்ள இளைஞர்களை வாரத்துக்கு ஐந்து நாள், ஒவ்வொரு முறையும் 400 அல்லது 600 கலோரி எரியும்வரை, கண்காணிப்பின் கீழ் பத்து மாதம் உடற்பயிற்சி செய்யவைத்தார்கள். சாப்பாட்டைக் குறைக்கச் சொல்லவில்லை. 2013இல் வெளியான முடிவு: 400 கலோரிக் குழு சராசரியாக 3.9 கிலோவும், 600 கலோரிக் குழு 5.2 கிலோவும் குறைந்தன. ஒரு கிலோ கொழுப்புக்கு 7,700 கலோரி என்ற வழக்கமான கணக்கில் போட்டால் முதல் குழுவே 11 கிலோ குறைந்திருக்க வேண்டும்.

மூன்றாவது தவறு எளிதாகத் திருத்தக்கூடியது, ஆனால் பலர் கவனிப்பதில்லை. ஒரே கலோரியை இரண்டு முறை எண்ணுவது. மைஃபிட்னஸ்பால் போன்ற செயலிகள் உங்கள் அன்றாட வேலை எப்படிப்பட்டது என்று முதலில் கேட்கும். உடற்பயிற்சியைச் சேர்க்காமல் ஒரு தினசரி அளவைத் தரும். பிறகு நீங்கள் நடந்ததைப் பதிவு செய்தால் அந்தக் கலோரியை அளவோடு கூட்டிக் காட்டும். அங்கே திரும்பச் சாப்பிடுவது அந்த முறையின் ஒரு பகுதிதான். உணவியல் நிபுணர் எழுதிக் கொடுக்கும் அட்டவணை பெரும்பாலும் அப்படி இருக்காது. “தினமும் ஒரு மணி நேரம் நடப்பேன்” என்று நீங்கள் சொன்னதைக் கேட்டுக்கொண்டு, அதையும் சேர்த்தே 1,600 என்றோ 1,800 என்றோ அவர் எழுதியிருப்பார். சம்பளத்திலேயே பயணப்படி சேர்ந்திருக்கும்போது டிக்கெட்டைக் காட்டித் தனியாகவும் பணம் கேட்பது போலாகும், அந்த அட்டவணையில் இருந்துகொண்டு வாட்ச் காட்டும் கலோரியையும் சாப்பிடுவது. எனவே நிபுணரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இந்த அளவில் என் நடை சேர்ந்திருக்கிறதா என்பதே.

இந்தியர்களுக்கான தினசரிக் கலோரி அளவுகளை வகுப்பது ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். இதன் வேர் தமிழ்நாட்டில் இருக்கிறது. 1918இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் ஓர் அறையில், பெரிபெரி நோயை ஆராய ராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய கூடம்தான் வளர்ந்து 1958இல் ஐதராபாத் போனது. இந்திய உணவுகளின் சத்து அட்டவணையைப் பின்னாளில் வீடுதோறும் அறியச் செய்தவரும், இந்த நிறுவனத்தை வழிநடத்தியவருமான சி. கோபாலன் சேலத்தில் பிறந்தவர். நாம் இன்று ஓர் இட்லிக்கு இத்தனை கலோரி என்று சொல்ல முடிவதற்கு அந்தப் பல்லாண்டு உழைப்பே காரணம்.

இந்த நிறுவனம் 2020இல் தந்த பரிந்துரைப்படி, 65 கிலோ எடையுள்ள ஆண், உட்கார்ந்த வேலை என்றால் நாளுக்கு 2,110 கலோரி. நடுத்தர உழைப்பு என்றால் 2,710. கடும் உழைப்பு என்றால் 3,470. 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு முறையே 1,660, 2,130, 2,720. கவனித்துப் பார்த்தால், உழைப்பவர் உழைப்புக்கு ஏற்பத் திரும்பச் சாப்பிடத்தான் வேண்டும் என்பதை இந்த எண்களே சொல்கின்றன. ஆனால் முதல் வரிசைக்கும் இரண்டாவது வரிசைக்கும் இடையே ஆணுக்கு 600 கலோரி இடைவெளி இருக்கிறது. காலையில் ஒரு மணி நேர நடை அதில் பாதியைக்கூட எட்டாது. எட்டு மணி நேரம் கணினி முன்னால் உட்கார்ந்து, காலையில் மட்டும் நடக்கிறவர் தன்னை ‘நடுத்தர உழைப்பு’ வரிசையில் வைத்துக்கொண்டால் எடை குறையாது.

உழைப்புக்கும் பசிக்கும் உள்ள உறவைப் பற்றி உலகம் இன்றும் மேற்கோள் காட்டும் ஆய்வு ஒன்று இந்தியாவில் நடந்தது. ஹார்வர்டைச் சேர்ந்த ழான் மேயரும், ராய், மித்ரா என்ற இரு ஆய்வாளர்களும் மேற்கு வங்கத்தில் லட்லோ சணல் ஆலையைச் சேர்ந்த 213 பேரின் உணவையும் எடையையும் அளந்து 1956இல் வெளியிட்டார்கள். ஆலைச் சந்தையில் நாள் முழுவதும் கடையில் உட்கார்ந்திருப்பவர்கள், மேற்பார்வையாளர்கள், குமாஸ்தாக்கள், டிரைவர்கள், நெசவாளர்கள், கடைசியில் நிலக்கரியும் சணல் மூட்டையும் சுமப்பவர்கள் என்று எல்லா வகை உழைப்பும் ஒரே வளாகத்தில் இருந்தது. இதைப் போல் ஓர் ஆய்வுக்களம் அமைவது அபூர்வம்.

லேசான வேலையிலிருந்து கடும் வேலை வரை, உழைப்பு ஏற ஏறச் சாப்பாடும் அளவாக ஏறியது. எடை ஏறக்குறைய நிலையாக இருந்தது. அவர்கள் யாரும் கலோரி எண்ணவில்லை. உடம்பு கேட்டது, கொடுத்தார்கள், கணக்கு நேராயிற்று. உட்கார்ந்தே இருந்தவர்களிடம்தான் கணக்கு உடைந்தது. உழைப்பு குறைந்தும் அவர்கள் சாப்பாடு குறையவில்லை. கடைக்காரர்கள் கடும் உழைப்பாளிகளுக்கு ஏறக்குறைய ஈடாகவே சாப்பிட்டார்கள், எடையிலும் அவர்களே அதிகம். அசைவு ஓர் அளவுக்குக் கீழே போய்விட்டால் பசி சரியான செய்தியைச் சொல்வதில்லை என்று மேயர் முடிவுக்கு வந்தார். ஒரே காலத்தில் ஒரே இடத்தில் எடுத்த அளவு அது, எல்லாவற்றுக்கும் அதையே சான்றாகக் கொள்ள முடியாது. ஆனாலும் அந்தச் சணல் ஆலைக் குமாஸ்தாவின் நாளுக்கும், டோம்பிவிலியிலிருந்து போய் ஏ.சி. அறையில் உட்கார்ந்து திரும்புகிறவரின் நாளுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. தினசரி நடை அவரை உழைப்பாளியின் வரிசைக்குக் கொண்டுபோகாது. பசி சரியாகப் பேசத் தொடங்கும் இடத்துக்கு அருகில் கொண்டுபோகலாம். எடைத் தட்டில் தெரியும் குறைவு சிறிதாக இருந்தாலும் நடையை விடக்கூடாது என்பதற்கு இது ஒரு காரணம். ரத்தச் சர்க்கரை, ரத்த அழுத்தம், தசை பலம், தூக்கம் என்று மற்ற காரணங்கள் இதைவிடப் பெரியவை.

எனவே, எடை குறைப்பதற்காக நடக்கிற, உட்கார்ந்த வேலை பார்க்கிற சாதாரண மனிதருக்குப் பதில் தெளிவாகவே இருக்கிறது. திரும்பச் சாப்பிட வேண்டாம். நடை தரும் அந்தச் சிறு மிச்சத்தை அப்படியே விட்டுவிடலாம். வாரத்துக்கு ஐந்து நாள் நடந்தால் அது 800 கலோரி அளவுக்குச் சேரும். வேகத்தையோ தூரத்தையோ கூட்டியதால் பசி தாங்காமல் போனால், வாட்ச் காட்டுவதில் பாதிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளலாம். கருவியின் பிழைக்கும் உடலின் சிக்கனத்துக்கும் அந்தப் பாதி ஈடுகட்டும்.

இந்தப் பதில் எல்லோருக்கும் பொருந்தாது. பொருந்தாதவர்கள் இதைப் பின்பற்றினால் கெடுதல் உண்டு.

தாராவியில் நள்ளிரவு தாண்டி எழுந்து மாவு, அடுப்பு, ஆவி என்று வேலை பார்த்து, விடியும்போது இட்லிப் பாத்திரத்தைச் சுமந்து நகரமெங்கும் விற்கப் போகும் தமிழர்களைப் பாருங்கள். அவர்கள் நாள் முழுக்க எரிப்பதைத் திரும்பச் சாப்பிடாவிட்டால் உடம்பு தேயும். அவர்களில் யாருக்காவது எடை குறைக்க வேண்டியிருந்தால்கூட, உட்கார்ந்த வேலைக்காரருக்கு எழுதிய 1,600 கலோரி அட்டவணையை அவரிடம் நீட்டுவது தவறு.

ஓட்டக்காரர்களும் அப்படித்தான். ஜனவரி மாதம் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை நடக்கும் மும்பை மாரத்தான் 2004இல் தொடங்கியதிலிருந்து, புறநகர்களில் ஓடுகிறவர்கள் கூட்டம் பெருகிவிட்டது. ஓட்டத்துக்குச் செலவு ஏறக்குறைய கிலோ எடைக்கு, கிலோமீட்டருக்கு, ஒரு கலோரி. 60 கிலோ எடையுள்ள பெண் ஞாயிறு காலை 25 கிலோமீட்டர் ஓடினால் 1,500 கலோரி. அன்றைக்கும் டயட் அளவிலேயே நின்றால் உடம்பு தசையிலிருந்து எடுக்கத் தொடங்கும். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014இல் வெளியிட்ட அறிக்கை, இப்படித் தொடர்ந்து குறைவாகச் சாப்பிடும் விளையாட்டு வீரர்களுக்கு மாதவிடாய் நிற்பது, எலும்பு பலவீனமாவது, நோய் எதிர்ப்புச் சக்தி குறைவது போன்றவை வரலாம் என்று எச்சரித்தது. ஆண்களும் இதற்கு விலக்கல்ல. கணக்கு இப்படி: உடலில் கொழுப்பு போக மீதியுள்ள எடை 40 கிலோ என்றால், உடற்பயிற்சிச் செலவைக் கழித்த பிறகும் நாளுக்குக் குறைந்தது 1,200 கலோரி மிஞ்ச வேண்டும். 1,500 சாப்பிட்டு 500 எரிப்பவருக்கு மிஞ்சுவது 1,000தான். மாதக்கணக்கில் இது தொடர்ந்தால் ஆபத்து.

பாலூட்டும் தாய்க்கு முதல் ஆறு மாதம் நாளுக்கு 600 கலோரி கூடுதலாக வேண்டும் என்கிறது தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். குழந்தை பிறந்ததும் உடனே பழைய உடம்புக்குத் திரும்ப வேண்டும் என்று யாராவது அவசரப்படுத்தினால் இந்த எண்ணைக் காட்டலாம்.

இன்சுலின் போடுகிறவர்களும், கிளிமெபிரைடு, கிளிக்ளசைடு போன்ற மாத்திரை எடுக்கிறவர்களும் வெறும் வயிற்றில் நீண்ட நேரம் நடந்தால் சர்க்கரை தாழ்ந்துவிடலாம். நடையைக் கூட்டுவதற்கு முன்பு மருத்துவரிடம் மருந்தின் அளவைப் பற்றிப் பேசுவது அவசியம். நடுக்கம், குளிர்ந்த வியர்வை, கண் இருட்டுதல் தெரிந்தால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரை அளவு குளுக்கோஸ் சாப்பிட்டுவிட்டு, 15 நிமிடம் கழித்துச் சோதித்துப் பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் டயட்டை நினைக்கவே கூடாது. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக சென்னை டாக்டர் மோகன் ஆராய்ச்சி மையத்தினர் நடத்திய நாடு தழுவிய ஆய்வு 2023இல் சொன்னது. நடைப்பயிற்சிக் கூட்டத்தில் இவர்கள் இல்லாத குழுவே இருக்காது.

மற்றவர்களுக்கு, தங்கள் கணக்கு சரியா என்று பார்க்க வாட்சைவிட நம்பகமானது வீட்டு எடைத் தட்டு. காலையில் எழுந்து கழிவறை போய்வந்ததும், எதுவும் சாப்பிடுவதற்கு முன், ஏழு நாளும் எடை பார்த்து வாரச் சராசரியை எழுதி வைக்க வேண்டும். ஒரு நாள் எடையைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. முந்தின இரவு சாப்பிட்ட உப்பும் ஊறுகாயும், பெண்களுக்கு மாதவிடாய்க்கு முந்தின நாள்களும் ஒரு கிலோ நீரைக்கூட உடம்பில் தேக்கிவைக்கும். நாலு வாரச் சராசரிகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போக்கு தெரியும். வாரத்துக்குக் கால் கிலோவிலிருந்து அரை கிலோ வரை குறைந்தால் இருப்பதையே தொடரலாம். அசையவே இல்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது நடைக்குப் பிந்தைய தட்டு, அடுத்தது தாளிக்கும் எண்ணெய்; ஒரு டீஸ்பூன் எண்ணெய்க்கு 45 கலோரி.

வாரத்துக்கு ஒரு கிலோவுக்கு மேல் தொடர்ந்து குறைந்து, தூக்கம் கெட்டு, மாடி ஏறினால் கால் நடுங்கினால் குறைவாகச் சாப்பிடுகிறோம் என்று அர்த்தம். நடக்கிற நாள்களில் 150 கலோரி கூட்டலாம். அவித்த கொண்டைக்கடலைச் சுண்டல் ஒரு கிண்ணம், அல்லது இரண்டு முட்டை. இரண்டிலும் தசைக்கு வேண்டிய புரதம் இருக்கிறது, மதியம் வரை பசியும் தாங்கும்.